வலது பக்கம் பார்த்த மீன்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நான் சாப்பிடும் டீக்கடையில் டிவியைச் சத்தமாக வைத்திருப்பார்கள். கோயம்புத்தூர் ரோட்டில் போகும் லாரிகளுக்கு மேலே அது கேட்க வேண்டும். அன்றைக்குப் பரோட்டாவைப் பிய்த்து வாயில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். திரை முழுவதும் ஒரு மீன். நீலப் பென்சிலால் இரண்டே கோட்டில் போட்ட மீன். அதன் தலை வலது பக்கம் பார்த்து இருந்தது.

அது நான் போட்ட மீன்.

மலையாளம் எனக்குக் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. செய்தி வாசித்த பெண் சொன்னது முழுவதும் புரிந்தது. முதலமடையிலிருந்து வடக்கே போன மாங்காய்ப் பெட்டிகளை ஒரு சோதனைச் சாவடியில் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே அரசாங்கத்துக்கு எதிரான நோட்டீஸ்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இருந்த நோட்டீசின் முதுகில் ரகசியக் குறி. பெட்டி அடுக்கிய தொழிலாளி கைது. அடுத்து ஆளைக் காட்டினார்கள். முகத்தைத் துண்டால் மூடி இரண்டு பேர் நடத்திக் கூட்டிப் போனார்கள். சட்டையை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அந்தச் சட்டையை இரண்டு மாதம் நான் போட்டிருந்தேன். துவைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, காலர் கிழிந்திருக்கிறது என்று என்னைத் திட்டியவன் அவன்.

பரோட்டாவை வாயில் வைத்தபடியே எழுந்தேன். வெளியே போய்த் துப்பினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் பரோட்டாவில் ஏதோ இருந்தது என்று நினைத்துத் தங்கள் தட்டைக் கிளறிப் பார்த்தார்கள்.

நான் ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவன். பிறந்தது இடுக்கியில் ஏலக்காட்டு லயத்தில். வரிசையாக ஒட்டிக்கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு எங்கள் பக்கம் லயம் என்று பெயர். அப்பனும் அம்மாவும் போன பிறகு கம்பெனி அந்த அறையை வேறு தொழிலாளிக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு எனக்கு வீடு என்று ஒன்று இல்லை. எங்கே வேலையோ அங்கே படுக்கை. இதை அழுகைக்காகச் சொல்லவில்லை. அப்படி இருப்பதில் வசதியும் உண்டு. கோபம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அந்த ஆண்டு மாங்காய்ப் பருவத்தில் முதலமடையில் இருந்தேன். மாங்காயைத் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, லாரி ஏற்றும் கொட்டகையில் எனக்குச் சுமக்கிற வேலை. அவனுக்கு அடுக்குகிற வேலை. அவன் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கன். மனைவி இடுக்கி மலையில் கொழுந்து பறிக்கிறாள், ஒரே மகள். பருவத்துக்கு மட்டும் அவன் கீழே இறங்கி வருவான். ஒரே மலைக்காரன் என்பதால் என்னை முதல் நாளே மச்சான் என்று கூப்பிட்டான். அவனுடைய சோற்றில் பாதியை நான் சாப்பிட்டு வந்தேன்.

கொட்டகைக்குச் சில வழக்கங்கள் இருந்தன. பெட்டியும் வைக்கோலும் வியாபாரி தருவார். மேலே விரிக்கும் காகிதம் அடுக்குகிறவன் பாடு. கடைசித் தாளில் அவன் தன் குறியைப் போட வேண்டும். வடக்கே பெட்டியைத் திறக்கும்போது பழம் நசுங்கியிருந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே. ஒருவனுக்கு வட்டம், ஒருவனுக்குச் சூலம், ஒருவனுக்கு ஏணி. இவனுக்கு மீன். இன்னொரு வழக்கம் எழுதாதது. அடுக்குகிறவன் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அவன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அதனால் யாராவது ஊருக்குப் போனால் கூட இருப்பவன் அவன் குறியைப் போட்டு அடுக்கிவிடுவான். மேஸ்திரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வருகைப் புத்தகத்தில் ஆள் வந்திருக்கிறான் என்று குறித்துக்கொள்வார்.

ஏப்ரலில் அவன் மகளுக்குப் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள், தகப்பன் இல்லாமல் முடியாது. மூன்று நாள் போனான். அந்த மூன்று நாளும் அவன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவன் வைத்திருந்த காகிதம் முதல் நாள் மத்தியானமே தீர்ந்துவிட்டது. ஆக்கிரிக் கடைக்குப் போனேன், பழைய இரும்பும் பேப்பரும் எடைக்குப் போடும் கடை. ஏதோ அச்சகத்தில் மிஞ்சியது என்று ஒரு கட்டு கிடைத்தது. ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை. குறி போடத் தோதாக இருந்தது. அச்சிட்டிருந்தது மலையாளம். கொட்டகையில் இருந்த நாங்கள் எல்லோரும் நாள் முழுவதும் மலையாளம் பேசுவோம். படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கல்யாண நோட்டீசோ, நகைக் கடை நோட்டீசோ என்றுகூட யாரும் கேட்கவில்லை. நான் மீனைப் போட்டேன், பெட்டியை மூடினேன். நான் இடக்கைக்காரன். அவன் மீன் இடது பக்கம் பார்க்கும். என் மீன் வலது பக்கம் திரும்பிக்கொண்டது. அவன் ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று, மீன் போட்டு மிச்சமிருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு, ஒரு மீனைக்கூட நேராக விடத் தெரியாதவன் என்று கேலி செய்தான்.

நாலு நாள் கழித்து மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு நான் கஞ்சிக்கோட்டுக்குப் போய்விட்டேன். இரும்பு உருக்கும் கம்பெனியில் சுமை வேலை. அங்கேதான் டிவியில் மீனைப் பார்த்தேன்.

மறுநாள் முதலமடைக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், அதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மேஸ்திரி கொங்குப் பக்கத்து ஆள். எப்போதும் என்னை டா போட்டுத்தான் கூப்பிடுவார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, ஆருங்க நீங்க? உங்கள நான் இந்தப் பக்கம் பாத்ததே இல்லீங்களே."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வருகைப் புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"போயிருங்க. அந்த மூணு நாளும் அவன்தானுங்க அடுக்குனான். புஸ்தகத்துல என் கையெழுத்து இருக்குதுங்க. எனக்கு ஊட்ல ரெண்டு புள்ளைங்க."

அந்த 'ங்க' என்னை அடித்ததுபோல் எந்த அடியும் அடித்ததில்லை. திரும்பி நடந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. பயம்தான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எலப்புள்ளியில் ஒரு கவுண்டர் தோட்டத்தில் மறைந்துகொண்டேன். வரப்பு வெட்டினேன், மாட்டைக் கழுவினேன், மோட்டார் ரூமில் படுத்தேன். நல்ல மனிதர்கள், மழைக்காலத்தில் கம்பளிகூடக் கொடுத்தார்கள். ஏழாவது மாதம் அந்த வீட்டுக்காரர் வந்து, வெளியூர் ஆட்களின் அடையாள அட்டையை ஸ்டேஷனில் கேட்கிறார்கள், உன்னுடையதைக் கொடு என்றார். என்னிடம் அட்டை எதுவும் இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிட்டேன். உடுமலை வழியாக மறையூர் ஏறி, அவன் மனைவி இருக்கும் லயத்துக்குப் போனேன்.

அவளிடம் எப்படித் தொடங்குவது என்று பஸ் முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். அவள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தலையில் கட்டியிருந்த துணியைக் கூட அவிழ்க்கவில்லை. அந்தப் பெட்டிகளை அடுக்கியது நான் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அவள் உள்ளே கையைக் காட்டினாள். சுவரில் புதுநன்மைப் படம். வெள்ளை உடுப்பில் மகள், கையில் மெழுகுவர்த்தி. பக்கத்தில் அவன். பின்னால் மாதா கோவிலில் கட்டியிருந்த பேனரில் தேதி பெரிதாகத் தெரிந்தது.

"அன்னைக்கு அவுக இங்கனதான இருந்தாக. எனக்குத் தெரியாதாண்ணே?"

"அப்ப ஏம்மா இத யாருக்கும் காட்டல?"

"காட்டாதன்னுட்டாக. ஜெயில்ல மொத தடவ பாக்கப் போனப்பவே. சத்தியம் வாங்கிட்டாக. ஏன்னு கேட்டா பதிலு இல்ல."

 அவன் கையில் வெளியே வரும் சாவி இருந்திருக்கிறது. ஏழு மாதமாக அதை மடக்கிய கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

அவள் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை. அன்றைக்கு அவள் பேசியதை எல்லாம் எழுத முடியாது. மகளைப் பள்ளிக்கூடத்தில் தீவிரவாதி மகள் என்கிறார்கள். மலையில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் இவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்கிறார்கள். நீங்கள் வந்து சொல்லியே ஆக வேண்டும் என்றாள். மறுநாள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, முந்தானையில் சுற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் வக்கீலைப் பார்க்கப் போனோம்.

அவர்கள் கோவிலின் பங்குச் சாமியார் பிடித்துக் கொடுத்த வக்கீல் அவர், வயதான மலையாளி அம்மா. கீழ்க் கோர்ட்டில் இரண்டு முறை ஜாமீன் மறுத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் நான்கு ஆங்கில எழுத்து. அதில் ஜாமீன் கிடைப்பது கல்லில் நார் உரிப்பது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு ஆள் உள்ளே போனா அது கேஸு. ரெண்டு ஆள் போனா அது சதி. நீங்கள் இப்ப இதைச் சொன்னால் அவரை விட மாட்டார்கள், கேட்டோ. உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள்."

மலையாளம் படிக்கத் தெரியாதவன் மலையாள நோட்டீசைப் பரப்பினான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன். படிக்கத் தெரியும் என்றால் படித்துக் காட்டலாம், படிக்கத் தெரியாது என்பதை எப்படிக் காட்டுவது, எவன் வேண்டுமானாலும் வாயை மூடிக்கொண்டு நிற்கலாமே என்றார். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

பிறகு அந்த நோட்டீசின் நகலை எடுத்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். அன்றைக்குத்தான் அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வேலையிலிருந்து ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று நான்கு தலைமுறை மலையில் இருந்தும் பிணம் புதைக்கிற இடம் தவிர அவர்களுக்கு மண் இல்லை. கம்பெனி வைத்திருக்கும் நிலம் அதன் சொந்த நிலம் அல்ல. அந்த நிலத்தை அதில் குனிந்து நிமிர்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடு. கெஞ்சிக் கேட்டால் தரமாட்டார்கள், எழுந்து நில்லுங்கள். இந்தக் கடைசி வரியின் கீழே போலீஸ் சிவப்புக் கோடு போட்டிருந்தது. அடியில் ஏதோ அமைப்பின் பெயர். தடை செய்யப்பட்டது என்றார்கள். மீன் படத்தைப் பற்றிக் குற்றப்பத்திரிகையில் ஒரு பக்கம் தனியாக எழுதியிருந்தார்கள்.

அவன் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தவள், "இது நம்ம லயத்து சங்கதியில்லா?" என்றாள்.  படத்தை மறுபடி முந்தானையில் சுற்றினாள்.

வழக்கையே ரத்து செய்யக் கேட்டு வக்கீலம்மா ஹைகோர்ட்டுக்குப் போனார், நான் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அங்கே வழக்கு எடுக்கும்வரை நான் மலையிலேயே ஏலக்காய் எடுக்கிற வேலையில் இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதுதான். போய்விடு என்று கால் சொல்லும். போனால் அவளுக்கு முன்னால் மறுபடி வந்து நிற்க முடியாது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வெளியே நிற்பேன். உள்ளே போக எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை.

தீர்ப்பு நாளில் எர்ணாகுளம் போனோம். குளிரூட்டிய அறை, பின்வரிசை. நீதிபதி ஆங்கிலத்தில் வாசித்தார். வக்கீலம்மாவின் ஜூனியர் எங்கள் பக்கம் குனிந்து தமிழில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தான். இவன் இதைச் செய்யவில்லை என்ற ஒரு வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். அந்த வார்த்தை வரவே இல்லை. வந்தது வேறு. இந்தத் தாளை அவன் தெரிந்தே வைத்திருந்தான் என்று எடுத்துக்கொண்டாலும், தெரிந்தே அனுப்பினான் என்று எடுத்துக்கொண்டாலும், ஏன், அவனே எழுதினான் என்று எடுத்துக்கொண்டாலும், இதில் ஒருவரை அடி என்றோ கொல் என்றோ ஒரு சொல் இல்லை. நிலம் வேண்டும் என்று சொல்வது ஒரு கருத்து. அரசுக்குக் கசக்கும் கருத்தும் கருத்துதான். அதைச் சொல்ல ஒரு குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்காக எழுதிய சட்டத்தை ஒரு தாளின் மேல் ஏவ முடியாது. அந்த அமைப்பில் இவன் ஆள் என்பதற்கு ஒரு மீனைத் தவிர வேறு எதுவும் காட்டப்படவில்லை. வழக்கு ரத்து.

நான் எத்தனையோ ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறேன், எத்தனையோ முதலாளிகளிடம் 'நான் செய்யலீங்க' என்று சொல்லியிருக்கிறேன். தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். செய்திருந்தாலும் குற்றமில்லை என்று சொல்ல முடியும் என்பது, அதைச் சொல்ல மேலே ஓர் ஆள் இருக்கிறார் என்பது, எனக்கு டிவியில் மீனைப் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.  பக்கத்தில் அவள் ஜூனியரின் சட்டைக் கையைப் பிடித்து, "அப்ப வெளிய வந்துருவாகளா, அத மட்டும் சொல்லு தம்பி" என்றாள்.

வெளியே வந்தபோது எனக்கு இன்னொன்று தைத்தது. நாங்கள் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்லும் உரிமைக்காக அவனை விடுகிறார்கள். சொல்லாததற்கே பதினான்கு மாதம்.

அவன் மழையில் வந்து இறங்கினான். பாதி ஆளாக இருந்தான். மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை. மறுநாள்தான் வந்தாள். முதல் இரண்டு நாள் அவன் என்னிடம் பேசவில்லை. நானும் கிளம்பவில்லை, அடி விழுந்த பிறகு போகலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் லயத்துக் குழாயடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போலீஸ்காரன் தாள மூஞ்சிக்கு நேரா நீட்டுனான் பாரு, அப்பவே தெரிஞ்சிட்டுலே. மீனு அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கி."

"பெறகு ஏன் சொல்லல? ஒன் மக படம் இருந்துச்சே."

"படத்தக் காட்டுனா, நீ இங்கன இருந்தா அங்கன அடுக்குனது எவன்னு கேப்பான். ஒன்னப் பிடிப்பான். ஒனக்கு எவன் வருவான்? வக்கீல் வைக்க ஆளு உண்டா? ஜாமீன் நிக்க ஆளு உண்டா? ஒரு அட்ரஸ் உண்டாலே ஒனக்கு? உள்ளயே கெடந்து செத்துருப்ப, ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கு இவ இருக்கா, சாமியார் இருக்காரு, லயம் இருக்கு. ஒரு மாசத்துல விட்ருவான்னு நெனச்சேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நல்லவன்னு நெனச்சிராத மச்சான். பதினாலு மாசம்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பேன். நாலாவது மாசம் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அப்ப பக்கத்துக் கொட்டடிக்காரன் சொன்னான், இப்பச் சொன்னா ரெண்டு பேருக்கும் உள்ளயேதான்னு."

நான் குழாயை இறுக்கி மூடினேன். மூடியது மூடியபடி பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அந்த நோட்டீசை உள்ளே ஒருவனை வாசிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டானாம். எழுதியவன் நம் லயத்துக்குள் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான் என்றான். அதில் மாங்காய் பொதிந்தோமே என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தான். அவன் மனைவி உள்ளேயிருந்து, சிரிப்பு ஒன்றுதான் குறைச்சல் என்றாள்.

அடுத்த வாரம் என்னைக் கீழே பஜாரில் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப் போனான். எனக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும் என்றான். முகவரிக்குத் தன் லயத்து எண்ணைச் சொன்னான். அங்கே இருந்த பெண் என்ன உறவு என்று கேட்டாள். "வீட்டுக்காரியோட அண்ணன்," என்றான், கண்ணிமைக்காமல். அடுத்த முறை பிடித்தால் ஜாமீனுக்கு ஓர் அட்ரஸ் வேண்டுமே என்று என் காதருகே சொன்னான். நான் இடக்கையால் கையெழுத்துப் போட்டேன்.

அட்டை வந்த மறுவாரம் நான் மலையிறங்கிவிட்டேன். இருந்திருக்கலாம், முடியவில்லை. இப்போது வேறு வேலை, வேறு ஊர். யாராவது கேட்டால் அட்டையை எடுத்துக் காட்டுகிறேன், திருப்பித் தருகிறார்கள். அதில் இருக்கும் வீடு அவன் மனைவியின் வேலைக்காகக் கம்பெனி கொடுத்த வீடு. அவள் ஓய்வு பெறும்வரைதான் அது அவர்களுடையது. அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அந்த நோட்டீசில் எழுதியிருந்தது.